கேதத்துக்கு வந்தவர்கள்

நீர்மாலைக்குப் புறப்படச் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டபோது மாயக்கண்ணனின் மடியில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. அது அவருடைய போன் இல்லை. கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்த அவர் மனைவி சோலையம்மாளின் போன். நேற்றுச் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள் நெஞ்சைக் கரிக்கிறது என்று சொல்லிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். தண்ணீர் வந்தது, குடிக்க அவள் இல்லை. அப்போதிலிருந்து இந்தப் போன் ஓயவில்லை. கூப்பிட்ட ஒவ்வொருவருக்கும் அவரே சேதி சொல்லிக்கொண்டிருந்தார்.

வாசலில் கொட்டுக்காரர்கள் தோலை அனலில் காட்டி முடித்துவிட்டார்கள். நீர்மாலைத் தண்ணீர் எடுக்கும் குடங்கள் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தன. சோலையம்மாளின் அண்ணன் பாண்டியராஜன், பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு நேமத்தான்பட்டியிலிருந்து விடியும்போதே வந்தவர், தெருவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"மாப்ள, போனை மீனுகிட்டக் குடுத்துட்டு வாங்க. எமகண்டத்துக்கு முன்னாடி தூக்கிறணும்."

திரையில் 'ஈஸ்வரி கண்டரமாணிக்கம்' என்று இருந்தது. மாயக்கண்ணன் எடுத்தார்.

"அண்ணே, நாந்தேன் ஈஸ்வரி. அக்கா இல்லேங்கிறது தெரியும்ண்ணே. ஆனா எதுனாலும் மொதல்ல இந்த நம்பருக்குக் கூப்புடுன்னு சொல்லியிருந்தாக. எங்கிட்ட வேற நம்பரு இல்ல."

"சொல்லு தாயி."

"சொக்கண்ணன் வீட்டு வாசல்ல வேன் நிக்குதுண்ணே. அவரு துணிமணிய ஒரு பையில கட்டி வச்சிட்டாக. வெளியூர்ல ஏதோ இல்லமாம், அங்க கொண்டுபோயிச் சேக்கப் போறாகளாம். அவரு ரூமுக்குள்ள போயித் தாப்பாப் போட்டுக்கிட்டாரு. லட்சுமணன் கதவத் தட்டிக்கிட்டே இருக்காரு. ரெண்டு ஆளு கூட நிக்கிறாக."

ஈஸ்வரி வீடு வீடாகப் போய்ச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அரசாங்க மாத்திரை கொடுக்கிறவள். எந்த வீட்டில் யார் சாப்பிடவில்லை, யார் முதுகில் தழும்பு, யாரை விருந்தாளி வந்தால் பின்கட்டுக்கு அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத்தான் முதலில் தெரியும். சோலையம்மாள் தன் வேலையை அவளைப் போன்றவர்களிடமிருந்துதான் தொடங்குவாள்.

சொக்கலிங்கத்துக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஊருக்குச் சொக்கு. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி மெதுவானவர். ஒரு கேள்வி கேட்டால் அதற்கான பதில் அடுத்த கேள்வியும் முடிந்த பிறகுதான் வரும். அவசரக்காரர்கள் அதற்குள் இவருக்குப் பேசத் தெரியாது என்று முடிவுகட்டிவிடுவார்கள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு, பல பங்காளிகளுக்குச் சொந்தமான அந்தப் பெரிய வீட்டில் தன் பங்கு அறையில் இருந்தார். பெரியப்பா மகன் லட்சுமணன்தான் சோறு போட்டுக்கொண்டிருந்தார். கெட்டவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. பழைய வீடுகளின் தேக்குத் தூண்களை விலைபேசும் ஆட்கள் வர ஆரம்பித்த பிறகுதான் சோறு போடுவது அவருக்குச் சுமையாகத் தெரிந்தது. வீட்டை விற்க எல்லாப் பங்காளிகளும் சரி என்றாயிற்று. சொக்கு ஒருவர்தான் நான் எங்கேயும் போகமாட்டேன் என்றார்.

அந்த லட்சுமணன் இன்று காலை இங்கே வந்திருந்தார். கையில் ரோஜா மாலை. அதை ஐஸ் பெட்டியின் மேல் வைத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியவர், வேப்பமரத்தடியில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார். பிறகு போய்விட்டார். கேத வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. அதனால் மாயக்கண்ணனுக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

இப்போது தோன்றியது. அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் மூன்று பேர். சப்-இன்ஸ்பெக்டர் பாண்டீஸ்வரி, இலவச சட்ட உதவி வக்கீல் முத்துக்கண்ணன், கண்டரமாணிக்கத்து வி.ஏ.ஓ. மருது. சொக்குவுக்காகக் குறுக்கே நிற்கக்கூடியவர்கள் என்று லட்சுமணனுக்குத் தெரிந்த அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். கேதத்துக்கு வந்தவர்கள் பிணம் தூக்கும் வரைக்கும் எழமாட்டார்கள். தூக்கிய பிறகும் குளிக்காமல் இன்னொரு வீட்டு நடையேற மாட்டார்கள். இன்றைக்கு ஒரு நாள் போதும் என்று லட்சுமணன் கணக்குப் போட்டிருப்பார்.

"மாப்ள" என்று பாண்டியராஜன் மறுபடி கூப்பிட்டார். சங்கை ஒருவர் ஊதிப் பார்த்தார்.

நீர்மாலை எடுத்துவிட்டால் பிறகு எதையும் நிறுத்த முடியாது. தண்ணீர் வந்ததும் குளிப்பாட்டுவார்கள், கோடி உடுத்துவார்கள், வாய்க்கரிசி போடுவார்கள், தூக்கிவிடுவார்கள். ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போகும். அவர்களுக்கு ஆண்பிள்ளை இல்லை. ஒரே மகள் மீனு. கொள்ளி மாயக்கண்ணன் கையில்தான். அவர் நகராமல் எதுவும் நகராது.

அவர் குடங்களின் பக்கம் போகவில்லை. வேப்பமரத்தடிக்குப் போனார்.

* * *

கோட்டையூரில் பம்ப்செட் மோட்டாருக்குச் சுருள் கட்டும் கடை வைத்திருப்பவர் மாயக்கண்ணன். சோலையம்மாளுக்குக் காரைக்குடியில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் சமூகப் பணியாளர் வேலை. தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாத பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று அவள் சொல்வாள். வயதானவர்கள், மனநிலை சரியில்லாதவர்கள், சொக்குவைப் போன்றவர்கள். பஸ் இல்லாத ஊர்களுக்கு அவர்தான் டி.வி.எஸ்.ஸில் கொண்டுபோய் விடுவார். அவள் ஆபீசுக்குள் போவாள், அவர் வெளியே புளியமரத்தடியில் நிற்பார். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அவர் அடிக்கடி நிற்பதைப் பார்த்த டீக்கடைக்காரர் ஒருநாள், "இன்னுமா அண்ணே ஒங்களுக்கு ஜாமீன் கெடைக்கல?" என்று உண்மையாகவே வருத்தத்தோடு கேட்டார். அதைச் சொல்லிச் சொல்லிச் சோலையம்மாள் ஒரு வாரம் சிரித்தாள்.

முதலில் அவருக்கு அந்த வேலை பிடிபடவில்லை. ஒரு மனிதரைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் போய்த் திறக்க வேண்டியதுதானே, இதற்கு எதற்கு இத்தனை படியேறி இறங்க வேண்டும் என்று கேட்டார். அவள் பொறுமையாகச் சொன்னாள். சொக்கு வீட்டுக்குப் போலீஸ் தனியாகப் போனது. "எங்க குடும்ப விவகாரம் மேடம்" என்று லட்சுமணன் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். வக்கீல் தனியாகப் போனார். "அவரு ஊர்ல இல்ல" என்றார் லட்சுமணன். வி.ஏ.ஓ. தனியாகப் போனார்; "தூங்குறாரு, எழுப்புனா முரண்டு பிடிப்பாரு" என்றார். மூன்று பேருமே நல்லவர்கள், மூன்று பேருமே தங்கள் கடமையைத்தான் செய்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

அன்றைக்கு மாயக்கண்ணன் ஒரு கருகிய மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். "இந்தா பாரு" என்று அவளுக்குக் காட்டினார். "இதுக்கு மூணு பேஸ் கரண்ட் வேணும். ரெண்டுதேன் வந்துச்சு. ரெண்டு வந்தா என்னாகும் தெரியுமா? மோட்டாரு உறுமும். இந்தா சுத்தப் போகுதுன்னு நெனப்போம். சுத்தாது. உறுமி உறுமிச் சுருள் கருகிப் போகும். கரண்டே வராட்டாக்கூட மோட்டாருக்கு ஒண்ணும் ஆகாது. அரைகுறையா வந்தாத்தேன் கேடு."

அவள் அந்தக் கருகிய சுருளைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுதேங்க என் வேலை. மூணையும் ஒரே நேரத்துல கொண்டாரணும்" என்றாள்.

அது லேசான காரியம் இல்லை. வக்கீலுக்குக் கோர்ட் இல்லாத நாளில் சப்-இன்ஸ்பெக்டருக்குப் பந்தோபஸ்து இருக்கும். அவருக்கு ஓய்வு கிடைக்கும் நாளில் வி.ஏ.ஓ.வைத் தாலுகா ஆபீசுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். மூன்று பேரையும் ஒரு வாசலில் நிறுத்த அவள் போன் போட்டுக்கொண்டே இருப்பாள், தோசை திருப்பும்போதுகூட. இன்றைக்கு அந்த மூன்று பேரும் அவள் வீட்டு வேப்பமரத்தடியில், ஒரே வரிசையில், ஆளுக்கு ஒரு தம்ளர் வரக்காப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். லட்சுமணன் தப்புக் கணக்குப் போட்டது அங்கேதான்.

* * *

மாயக்கண்ணன் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் முத்துக்கண்ணன் எழுந்துவிட்டார்.

"கார்டியன் போடச் சொல்லிக் கலெக்டர் கமிட்டியில நம்ம மனு இருக்கு. அது முடியிறதுக்குள்ள அவரு சம்மதமில்லாம வெளியூருக்குக் கொண்டுபோகக் கூடாது. போயிட்டா அப்பறம் தேடிக் கண்டுபிடிக்கவே ஆறு மாசம் ஆகும்."

"அவரு அந்த வீட்லதேன் இருக்காரு, பங்கும் அவருக்கு இருக்குன்னு நான் எழுதிக் குடுத்துருவேன்" என்றார் மருது. "ஆனா நான் தனியாப் போனா காப்பிதேன் கெடைக்கும்."

பாண்டீஸ்வரி கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். அவர் சீருடையில் இல்லை. கறுப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலையில் வந்திருந்தார். "இன்னும் தூக்கலையேண்ணே. இப்ப எந்திரிச்சுப் போனா நல்லா இருக்குமா? ஸ்டேஷன்ல சொல்லி வேற ஆளை..."

"வேற ஆளு போனா வெவரம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள வேன் கெளம்பிரும்மா" என்றார் மாயக்கண்ணன். "நீங்க போங்க. சொல்லிக்கிற வேண்டாம். கேத வீட்ல யாரும் சொல்லிக்கிட்டுப் போறதில்ல."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் பாண்டீஸ்வரியின் ஜீப்பில் ஏறினார்கள். சோலையம்மாள் உயிரோடு இருந்தவரை அந்த மூன்று பேரையும் ஒரே வண்டியில் மாயக்கண்ணன் பார்த்ததில்லை. ஜீப் தெருமுனையில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

பின்னால் பாண்டியராஜனின் குரல் கேட்டது. "என்ன மாப்ள நடக்குது இங்க?"

"கொஞ்சம் பொறுங்க மச்சான். அவுக வரட்டும். வந்தப்புறம் எடுப்போம்."

"அவுக யாரு நமக்கு? பங்காளியா, சம்பந்தியா?"

மாயக்கண்ணன் கையிலிருந்த போனை மறுபடி மடியில் செருகினார்.

"எமகண்டத்துல மாட்டுனா அது கழியிற வரைக்கும் பொணத்தப் போட்டுக்கிட்டுக் காத்துக் கெடக்கணும். தேவகோட்டைக்காரவுக பஸ்ஸுக்குப் போகணும்கிறாக. கொட்டுக்காரவுக பொறுப்பாகளா? ஊரு என்ன சொல்லும்?" பாண்டியராஜனுக்குக் குரல் ஏறியது. "இருந்த வரைக்கும் ஆபீஸு ஆபீஸா, ஸ்டேஷன் ஸ்டேஷனா அலைஞ்சா. பொம்பளப் புள்ளைக்கு இது எதுக்குன்னு நான் அன்னைக்கே சொன்னேன். நீங்க டி.வி.எஸ்ஸுல ஏத்திக்கிட்டுப் போனீக. இன்னைக்காவது அவ நேரத்துக்கு வீட்டவிட்டுப் போகட்டும்."

மாயக்கண்ணன் தோளில் கிடந்த சட்டையை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். ஒவ்வொரு பித்தானாகப் போட்டார். பிறகு ஐஸ் பெட்டியின் தலைமாட்டில், மீனுவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

சட்டையை மறுபடி போட்டுவிட்ட மனிதரிடம் நீர்மாலைக்கு வா என்று யாரும் சொல்ல முடியவில்லை. கொட்டுக்காரர்கள் டீ குடிக்கப் போனார்கள்.

* * *

மணி போய்க்கொண்டிருந்தது. எமகண்டம் தொடங்கியது. பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் ஒருவரும் போகவில்லை, என்னதான் நடக்கிறது என்று பார்க்கும் ஆசையும் இருந்தது. பாண்டியராஜன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, வேறு பக்கம் பார்த்தபடி நின்றார்.

போன் அடித்தது. வக்கீல். மீனு அதை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு ஐஸ் பெட்டியின் மேல் வைத்தாள்.

முதலில் லட்சுமணனின் குரல்தான் கேட்டது. "கேத வீட்லருந்து நேரா வந்து நடையேறுறீகளே மேடம். உள்ள சாமியறை இருக்குல்ல. குளிச்சுட்டு நாளைக்கு வாங்க, பேசுவோம்."

"நீங்களும் காலையில மாலையோட அங்குட்டுத்தானே நின்னீக. நான் பாத்தேனே" என்றார் பாண்டீஸ்வரி. "தலைக்கு ஊத்திட்டுத்தேன் நடையேறுனீகளா?"

அந்தப் பக்கம் தெருவில் யாரோ சிரித்தார்கள். இந்தப் பக்கம் பந்தலிலும் ஒரு கிழவர் தன்னை அறியாமல் சிரித்துவிட்டுத் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

"நான் ஒண்ணும் இவனத் தெருவுல தள்ளல. நல்ல எடத்துலதேன் சேக்கப் போறேன். எனக்கும் வயசாகுது, நான் போயிட்டா இவன யாரு பாக்குறது?" லட்சுமணனின் குரலில் களைப்பு இருந்தது. அது பொய்க் களைப்பு இல்லை.

"ஞாயந்தேன். அவருகிட்டக் கேட்டீகளா?" என்றார் முத்துக்கண்ணன்.

"அவன்கிட்ட என்னத்தக் கேக்குறது?"

மாயக்கண்ணன் ஐஸ் பெட்டியைப் பார்த்தார். இந்த ஒரு வார்த்தைக்குத்தான் சோலையம்மாளுக்குக் கோபம் வரும். மற்ற எதற்கும் அவள் குரலை உயர்த்தியதில்லை. சொக்கு வளர்ந்த மனிதர், அவர் வாழ்க்கையைப் பற்றி அவர் வாயால்தான் சொல்ல வேண்டும், மெதுவாகத்தான் சொல்வார், காத்திருப்பதுதான் நம் வேலை என்பாள்.

பாண்டீஸ்வரி போனுக்குப் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் பேசினார். "அண்ணே, நாங்க எல்லாரும் கூப்பிட்டுப் பாத்துட்டோம். கதவுக்குப் பின்னாலதேன் நிக்கிறாரு, மூச்சுச் சத்தம் கேக்குது. வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு. போகமாட்டேன்னு அவரா ஒரு வார்த்தை சொல்லிட்டார்னா நான் வேனைத் திருப்பி அனுப்பிருவேன். அக்கான்னா ஒடனே பேசுவாரு. நீங்க பேசிப் பாக்குறீகளா?"

அந்த வீட்டுக் கிணற்றில் மோட்டார் மாட்டியது மாயக்கண்ணன்தான். காலையும் மாலையும் அதைப் போட்டுத் தொட்டி நிறைந்ததும் அமர்த்துவது சொக்குவின் பொறுப்பு. அதனால் அவருக்கு மாயக்கண்ணன் பெயர் தெரியாது. மோட்டார்க்காரர் என்றுதான் தெரியும்.

"போனைக் கதவுகிட்டப் பிடிங்கம்மா" என்றார். பிறகு, "சொக்கு, மோட்டார்க்காரன் பேசுறேன்" என்றார்.

பதில் இல்லை.

எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண் கையால் ஜாடை காட்டினாள், சோலை கூப்பிடுறான்னு சொல்லுங்க என்று. அப்படிச் சொன்னால் கதவு திறந்துவிடும். மாயக்கண்ணனுக்கும் அது தெரிந்தது. சொக்குவிடம் சோலையம்மாள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை என்பதும் தெரிந்தது.

"சொக்கு, சோலை செத்துப் போச்சுப்பா."

அவர் காத்திருந்தார். இன்னொரு கேள்வி கேட்கும் அளவு நேரம் போனது. அவர் கேட்கவில்லை.

"எப்ப?" என்றது போன்.

"நேத்துச் சாயங்காலம்."

மறுபடியும் காத்திருந்தார்.

"தூக்கியாச்சா?"

"இல்ல. இன்னும் தூக்கல."

இந்த முறை நேரம் ரொம்பப் போனது. மீனு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பாண்டியராஜன் பந்தல் காலை விட்டுவிட்டு இரண்டடி உள்ளே வந்திருந்தார்.

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. பழைய தேக்குக் கதவு முனகிக்கொண்டு திறந்தது. சொக்குவின் குரல் இப்போது கதவைத் தாண்டி, தெருவுக்கே கேட்கிற மாதிரி வந்தது.

"நா கேதத்துக்குப் போகணும். வேன்ல போகமாட்டேன். எங்குட்டும் போகமாட்டேன். கேதத்துக்குப் போகணும்."

"டேய் சொக்கு, உள்ள போ. அதெல்லாம் அப்பறம்..." என்று லட்சுமணன் ஆரம்பித்தார். தெருவிலிருந்து ஒரு முதியவரின் குரல் குறுக்கிட்டது. "லட்சுமணா, கேதத்துக்குப் போறவன மறிக்காதப்பா. நாளைக்கு நம்ம வீட்டுக்கும் நாலு பேரு வரணும்."

சட்டத்துக்கு லட்சுமணன் ஒரு வக்கீலைப் பார்த்துக்கொள்வார். ஆனால் ஊரே பார்த்திருக்கையில், துக்கத்துக்குப் போகிற ஒருவரின் கையைப் பிடித்து நிறுத்தி வேனில் ஏற்றிய வீடு என்று பெயர் எடுத்தால், அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு யார் வந்து நிற்பார்கள்?

"கேட்டீகல்ல" என்றார் பாண்டீஸ்வரி. "வி.ஏ.ஓ. சார், அவரு சொன்னத அப்படியே எழுதிக்குங்க. ஈஸ்வரி, நீ ஒரு சாட்சி. தாத்தா, நீங்க ஒண்ணு. டிரைவர், வண்டிய எடுப்பா."

வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. போன் அணைந்தது.

பிறகு பாண்டியராஜன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். தேவகோட்டைக்காரர்களைப் பார்த்து, "பஸ்ஸுக்குப் போறவுக போங்க, தப்பில்ல" என்றார். "எமகண்டம் கழிஞ்சுதேன் எடுப்போம். எந்தங்கச்சிக்கு இன்னும் ஆளு வரணும்."

* * *

ஜீப் வந்து நின்றபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. பாண்டீஸ்வரி முன்னால் இறங்கினார். முத்துக்கண்ணனும் மருதுவும் ஈஸ்வரியும் பின்னால். கடைசியாகச் சொக்கு. சலவைச் சட்டை போட்டு, கழுத்துப் பித்தான் வரைக்கும் பூட்டியிருந்தார். கேதத்துக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று வழியில் ஜீப்பை நிறுத்தச் சொன்னாராம். அவர் கையில் ஒரு சம்பங்கி மாலை.

யாரும் அவரைக் கைபிடித்து அழைத்து வரவில்லை. அவராகவே செருப்பைக் கழற்றி வரிசையில் விட்டார். கூடத்துக்குள் போனார். ஐஸ் பெட்டியின் கண்ணாடி வழியாகச் சோலையம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சோலை" என்றார். "மோட்டாரை அமத்திட்டுத்தேன் வந்தேன்."

மாலையை வைத்துவிட்டு, திரும்பி மாயக்கண்ணனைத் தேடி வந்து, துக்கம் விசாரிக்கிற ஆண்கள் செய்வதுபோல இரண்டு கைகளையும் நீட்டினார். மாயக்கண்ணன் அந்தக் கைகளைத் தொட்டார். பிறகு எழுந்து சட்டையைக் கழற்றினார்.

சங்கு முழங்கியது. நீர்மாலை வந்தது. குளிப்பாட்டி, அண்ணன் கொண்டுவந்த அரக்குக் கோடியை உடுத்தினார்கள். வாய்க்கரிசி போடும் வரிசையில் பங்காளிகள் முடிந்ததும் சம்பந்திகள், சம்பந்திகள் முடிந்ததும் யார் என்று ஒரு தயக்கம் வந்தது. வக்கீலும் வி.ஏ.ஓ.வும் ஒதுங்கி நின்றார்கள். பாண்டியராஜன் அரிசித் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு அவர்களிடமே போனார்.

"வாங்க, வந்து போடுங்க" என்றார். "கூட வேலை பாத்தவுகல்ல நீங்க."

முத்துக்கண்ணன் போட்டார். மருது போட்டார். சொக்கு கை நிறைய அள்ளிக்கொண்டு, அது சிந்தாமல் மிக மெதுவாக நடந்து போய்ப் போட்டார். அவர் போட்டு முடிக்கும் வரைக்கும் வரிசை காத்திருந்தது.

தூக்கினார்கள். மாயக்கண்ணன் கொள்ளிச் சட்டியை ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தார். கொட்டுக்காரர்கள் நெடுந்தூரம் முன்னே போய்விட்டார்கள். அவர்கள் காலையிலிருந்து காத்த நேரத்தை எல்லாம் அடித்துத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். பாடைக்குப் பக்கத்தில் நடந்தால் இடிக்கிறது என்று சொக்கு விலகி, மாயக்கண்ணனின் முதுகுக்குப் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார். அவரை விடாமல் மற்றவர்களும் அங்கே வந்தார்கள்.

"சொக்கண்ணே, இன்னைக்கு எங்குட்டுத் தங்குறீக?" என்று பாண்டீஸ்வரி கேட்பது காதில் விழுந்தது. "காரைக்குடியில ஒரு எடம் இருக்கு. இல்ல ஒங்க வீட்லதேன்னாலும் சரி. நீங்க சொல்லுங்க."

பதில் வரவில்லை. யாரும் இரண்டாம் முறை கேட்கவும் இல்லை. பத்துப் பதினைந்து எட்டு நடந்தார்கள்.

"எம் வீட்லதேன்" என்றார் சொக்கு. "எம் ரூம்லதேன் படுப்பேன்."

"அப்ப நான் போற வழியில விட்டுட்டு, லட்சுமணன்கிட்ட ஒரு வார்த்த பேசிட்டுப் போறேன். பதனமாத்தேன் பேசுவேன், அவருக்கும் ஒத்தாசை வேணும்ல" என்றது மருதுவின் குரல்.

"காலையில மாத்திரை குடுக்கப் போகையில நான் எட்டிப் பாத்துக்கிறேன்" என்றாள் ஈஸ்வரி. "எதுனாச்சுன்னா யாருக்குப் போன் போடணும்?"

"எனக்குப் போடு. நம்பர் எழுதிக்க."

"எனக்கும்."

"இருங்க இருங்க, ஒவ்வொருத்தராச் சொல்லுங்க."

தெருமுனை நெருங்கிவிட்டது. அங்கே பெண்கள் நின்றுவிடுவார்கள்; அதற்கு மேல் ஆண்கள் மட்டும்தான். கொள்ளி ஏந்தியவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. மாயக்கண்ணன் பார்க்கவில்லை. புகை கண்ணில் படாமல் சட்டியைச் சற்றே தள்ளிப் பிடித்துக்கொண்டு, பின்னால் நம்பர் எழுதி முடியட்டும் என்று நடையை மட்டும் கொஞ்சம் குறைத்தார்.